வேலைக்களத்தில் விசுவாசம்: டர்பன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், அம்ஷ்லாங்கா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பல பகுதிகளிலிருந்து எங்கள் தமிழ் வேதபாடக் குழுவுக்கு ஆட்கள் வருகிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் ஐந்தாம் தலைமுறையினர் சிலர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காக வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள் சிலர். மசாலாக் கடை, தையல் ஆலை, மருத்துவமனை, துறைமுகம், மென்பொருள் நிறுவனம் என்று தொழிலும் பல. ஆனால் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. ஆலைகளில் பணியாளர் நிர்வாகத்தில் பல காலம் இருந்தவன் நான். ஆகவே வேத வசனத்தோடு இந்த நாட்டுச் சட்டமும் பதில்களில் வரும். சட்டம் கேட்பதையாவது செய்யாதவர் அதற்கு மேலான நீதியைப் பற்றிப் பேச முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறேன். இதையும் ஊழியம் என்று சொல்ல முடியுமா?

முடியும். யாத்திராகமத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று சொல்லப்படுகிற பெசலெயேல் பொன், வெள்ளி, மர வேலை செய்த கைவினைஞன். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். லீதியாள் இரத்தாம்பரம் விற்றாள். இயேசுவை நாசரேத்து ஊரார் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். பிரசங்க மேடையில் நிற்பவர் ஒருவர்தான் தேவனுடைய வேலைக்காரர், மற்றவர்கள் அவருக்குக் காணிக்கை சேர்த்துத் தருகிறவர்கள் என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அது போகவேண்டும். உங்கள் கணக்குப் புத்தகம் சரியாக இருப்பதால் ஒரு லாரி ஓட்டுநருக்கு உரிய நேரத்தில் பணம் கிடைக்கிறது, ஒரு கடையில் மருந்து தீராமல் இருக்கிறது. அது பிறனுக்குச் செய்யும் அன்பு. அதற்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை.

எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கிறிஸ்தவ மேற்பார்வையாளர் என்றால் எப்படி இருக்கவேண்டும்?

இதற்கு நம் வரலாற்றிலிருந்து தொடங்கவேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்பதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங். தோட்டத்தில் வெள்ளைக்கார முதலாளிக்கும் கூலியாட்களுக்கும் நடுவே நின்றவர் சர்தார். அவரும் நம்மவர்தான், நம் மொழி பேசியவர். பிரம்பு அவர் கையில் இருந்தது. யாருக்கு எளிய வேலை, யாருக்குக் கடும் வேலை என்பதும், யார் சோம்பேறி என்று முதலாளியின் காதில் போடுவதும் அவர் கையில்தான் இருந்தது. அவரிடம் அடிபட்ட தாத்தாக்களின் கதைகள் இன்னும் பல வீடுகளில் சொல்லப்படுகின்றன.

இன்று மேற்பார்வையாளராக, குழுத் தலைவராக, மேலாளராக இருக்கும் நம்மில் ஒவ்வொருவரும் அந்த சர்தாரின் இடத்தில் நிற்கிறோம். மேலே இருப்பவரின் நெருக்கடி முழுவதையும் கீழே இருப்பவர்மேல் இறக்கிவைக்கலாம். நடுவே நின்று கொஞ்சம் தாங்கவும் செய்யலாம். புறஜாதியாரின் அதிகாரிகள் அவர்கள்மேல் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கலாகாது என்று இயேசு சீஷர்களிடம் சொன்னது பதவிக்குப் போட்டி நடந்த நேரத்தில். யாக்கோபும் யோவானும் வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்டு நின்றார்கள்.

நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அவர் பன்னிரண்டு ஆண்டுகள் யூதாவுக்கு அதிபதி. அதிபதிக்குரிய படியை அவர் வாங்கவில்லை. முன்னிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் நாற்பது சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள், அவர்களுடைய வேலைக்காரரும் ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள் என்று எழுதுகிறார். அந்த இரண்டாவது குறை என்னை எப்போதும் யோசிக்கவைக்கும். தலைவர் நல்லவராக இருந்துவிட்டால் போதாது. அவர் பெயரைச் சொல்லி அவருடைய உதவியாளரும் ஓட்டுநரும் மற்றவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கும் அவரே பொறுப்பு.

உங்கள் பன்னிரண்டு பேருக்கு என்ன செய்வது? வேலைப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். கடினமான ஷிப்டு ஒருவருக்கே திரும்பத் திரும்ப விழாமல் பாருங்கள். ஒருவரைக் கண்டிக்கவேண்டுமானால் தனியாகக் கூப்பிடுங்கள், பாராட்டவேண்டுமானால் எல்லார் முன்னும் பாராட்டுங்கள். மேலிடத்தில் உங்கள் குழுவின் தவறைப் பேசும்போது "நாங்கள்" என்று பேசுங்கள்.

சம்பள விஷயத்தில் வேதம் ஏதாவது திட்டவட்டமாகச் சொல்கிறதா?

மிகத் திட்டவட்டமாகச் சொல்கிறது. ஜெபத்தைப் பற்றிச் சொல்வதற்குச் சற்றும் குறையாத கண்டிப்போடு சொல்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் யாக்கோபு எழுதுகிறார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏதாவது ஒரு சிறு பட்டறையில் நின்று பாருங்கள். உறையை வாங்கியதும் சிலர் பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பெண் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி, சம்பளச் சீட்டை விரித்து, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு, உதடுகள் அசையப் படிப்பார். ஓவர்டைம் என்ற வரியில் விரல் நிற்கும். நிமிர்ந்து பார்ப்பார், கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கம் முகத்தில் தெரியும். பெரும்பாலும் கேட்காமலே மடித்து வைத்துக்கொள்வார். ஒரு முதலாளியின் விசுவாசம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அந்தத் தயக்கத்தைப் பார்த்தாலே போதும். அவர் வந்து கேட்கக்கூடிய சூழ்நிலையை நீங்கள் உண்டாக்கியிருக்கிறீர்களா?

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஓவர்டைம் ஊழியர் சம்மதித்தால் மட்டுமே, அதுவும் வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. ஆண்டுக்குத் தொடர்ச்சியாக 21 நாள் விடுமுறை. சம்பளச் சீட்டு கட்டாயம். பொருள் உடைந்தது, கணக்கில் குறைந்தது என்று நினைத்தபடி சம்பளத்தில் கைவைக்க முடியாது. எழுத்தில் ஒப்புதல் வேண்டும், அவர் பக்க நியாயத்தைக் கேட்டிருக்கவேண்டும், அப்போதும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது. தேசியக் குறைந்தபட்சக் கூலி 2019இல் மணிக்கு 20 ராண்டில் தொடங்கியது. 2025 மார்ச்சில் 28.79 ராண்ட் ஆனது. அந்த விகிதத்தில் 45 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் வாரத்துக்கு 1,295 ராண்டும் சில்லறையும். அதில் டாக்சிக் கட்டணம், வாடகை, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் போகவேண்டும். சட்டத்தின் குறைந்தபட்சத்தைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு கிறிஸ்தவர் மனநிறைவு அடைவது எனக்கு விளங்குவதில்லை.

இன்னொன்று. மலாவியிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்தவர்களைக் காகிதம் இல்லை என்ற காரணத்தால் பாதிக் கூலிக்கு வைத்துக்கொள்ளும் கடைகள் நம்மிடையே உண்டு. வேலை அனுமதி இல்லாதவரும் சட்டத்தின் பார்வையில் ஊழியரே என்று 2008இல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உபாகமம் அதற்கு வெகு முன்பே, உன் வாசல்களில் இருக்கிற அந்நியனான கூலிக்காரனை ஒடுக்காதே என்று சொல்லிவிட்டது. நம் முன்னோர்களும் இந்த மண்ணில் அந்நியராகவே வந்திறங்கினார்கள்.

நான் முதலாளி இல்லை, இல்லத்தரசி. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

உங்கள் வீட்டில் வேலைக்கு ஒரு பெண்மணி வருகிறார் என்றால் நீங்களும் முதலாளிதான்.

நம் வீடுகளில் நான் கண்ட ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், விளிம்பில் எனாமல் உதிர்ந்த ஒரு குவளையும் ஒரு தட்டும் கவிழ்த்து வைத்திருக்கும். அவை வேலைக்கு வருபவருக்கு. அலமாரியில் விருந்தினருக்கான பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அவற்றைத் தினமும் துடைத்து வைப்பவர் அதில் ஒருநாளும் குடித்திருக்கமாட்டார். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்ததை நாம் கண்டிக்கிறோம். அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்த ஊர்ச் சபைகளில் இருக்கிறார்கள். கடல் கடந்து வந்த பிறகும் அந்தக் குவளை நம் சமையலறையில் ஏன் இருக்கிறது? திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் நாம். இன்றே அந்தக் குவளையை எடுத்துப் போடுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். ஒரு காலத்தில் நேட்டாலில் கூடை சுமந்து காய்கறி விற்ற நம் பாட்டிகள் எல்லாரையும் வெள்ளைக்காரர்கள் "மேரி" என்றே கூப்பிட்டார்கள். ஆண்கள் எல்லாரும் அவர்களுக்கு "சாமி". சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதாகவே அவர்கள் எண்ணவில்லை. உங்கள் வீட்டுக்கு வருபவரின் ஜூலுப் பெயர் நாவில் புரள நேரமானாலும் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டு வருகிறார் என்று தெரிந்திருக்கட்டும்.

மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்யவேண்டும். நீங்கள் 1 சதவீதம், அவர் 1 சதவீதம். குறைந்தபட்சக் கூலி 2022 மார்ச் முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றே. 2012இல் மரியா மஹ்லாங்கு என்ற பெண்மணி தாம் வேலை செய்த வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். வீட்டுப் பணியாளர் என்பதால் அவர் குடும்பத்துக்குச் சட்டப்படி இழப்பீடு மறுக்கப்பட்டது. மகள் வழக்குத் தொடர்ந்தார். அந்த விலக்கு அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. இப்போது விபத்து இழப்பீட்டுக்கும் நீங்கள் அவரைப் பதிவு செய்யவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். வாரத்தில் தொடர்ந்து 36 மணி நேர ஓய்வு தரவேண்டும்; வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அதில் ஞாயிறு சேர்ந்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். வழக்கமாக ஞாயிறு வேலை செய்யாதவரை அழைத்தால் இரட்டிப்புக் கூலி. ஒரு நிறுவனத்தில் மாத இருப்புக் கணக்கெடுப்பைச் சனிக்கிழமைகளில் வைத்தார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு பெண் மேலாளர், அது தம் ஓய்வுநாள் என்று வர மறுத்து வேலை இழந்தார். அவரை நீக்கியது நியாயமற்றது என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. விசுவாசத்துக்கு நியாயமான இடம் கொடுக்க முதலாளி முயன்றிருக்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் நீங்கள் செவிலியராகவோ, துறைமுகத்திலோ, தண்ணீர் வாரியத்திலோ வேலை செய்பவரானால் உங்கள் இடத்தில் ஒருவர் ஞாயிறன்று நிற்கத்தான் வேண்டும். எப்போதும் இந்துத் தோழியே அந்த ஷிப்டை எடுக்கட்டும் என்று விடுவது நியாயமாகுமா? அவர் தீபாவளிக்கு நீங்கள் நில்லுங்கள், உங்கள் புனித வெள்ளிக்கு அவர் நிற்பார். ஆராதனையை வேறு நாளில் வைத்துக்கொள்ள உங்கள் போதகரிடம் பேசுங்கள். ஓய்வே இல்லாத வாரங்களை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

லஞ்சம் கொடுக்காமல் இங்கே டெண்டர் கிடைக்காது. குடும்பத்தைப் பட்டினி போடவா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்கிறார்கள் என்பதே மனசாட்சி விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனாலும் என் பதில், கொடுக்காதீர்கள் என்பதுதான். போக்குவரத்துக் காவலருக்குக் "கூல்டிரிங்க்" என்ற பெயரில் கொடுக்கும் ஐம்பது ராண்டும் இதில் சேரும்.

லஞ்சத்தில் போகும் பணம் யாருடையது என்று பாருங்கள். மருத்துவமனைக்கு வாங்கிய பொருளின் விலையில் அது ஏற்றப்படுகிறது. வரிசையில் நிற்கும் நோயாளியிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையில் நிதி அதிகாரியாக இருந்த பபிதா தியோகரன், தெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய கட்டணங்களை நிறுத்தச் சொன்னவர். 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகன்னஸ்பர்கில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். மறுப்பதற்கு விலை உண்டு என்பதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆகவே தனியாக நிற்காதீர்கள். யாராவது கேட்டால் பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் எழுதும்படி சொல்லுங்கள். பெரும்பாலோர் அத்தோடு போய்விடுவார்கள். அதிகாரிகளைச் சந்திக்க இருவராகப் போங்கள். தேதியும் பேச்சும் எழுதிவையுங்கள். 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட தகவல் வெளியீட்டுச் சட்டம், முறைகேட்டைத் தெரிவிக்கும் ஊழியரை வேலையில் பழிவாங்குவதிலிருந்து காக்கிறது. நீங்கள் பொறுப்பான பதவியில் இருந்தால், ஒரு லட்சம் ராண்டும் அதற்கு மேலுமான ஊழலை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "தெரியும், ஆனால் நான் தொடவில்லை" என்பது செல்லாது.

டெண்டர் போய்விட்டால்? போய்விடும். சில ஆண்டுகள் தொழில் சிறியதாகவே இருக்கும். இந்த இடத்தில்தான் சபை உதவவேண்டும். நேர்மையாக நின்று நஷ்டப்பட்ட சகோதரரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட யாரும் முன்வராத சபையில், லஞ்சத்துக்கு எதிரான பிரசங்கம் யார் மனதிலும் தங்காது.

தொலைபேசியில் யாராவது கேட்டால், முதலாளி அருகில் உட்கார்ந்துகொண்டே "அவர் ஊரில் இல்லை என்று சொல்" என்கிறார். என்ன செய்ய?

"அவர் இப்போது பேச இயலாது, செய்தியைச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். அது உண்மை. இரண்டு மூன்று முறை இப்படிச் சொன்னால் அவரே பழகிக்கொள்வார். தமக்காகப் பொய் சொல்லாதவர் தம்மிடமும் பொய் சொல்லமாட்டார் என்று புரிந்துகொண்ட முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் காலை ஜெபக்கூட்டம் தொடங்கலாமா? மற்ற மதத்தினரும் இருக்கிறார்கள்.

வேலை நேரத்துக்கு வெளியே, விரும்பியவர்கள் மட்டும் கூடலாம். நீங்கள் மேலதிகாரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். உங்களுக்குக் கீழே இருப்பவர், வராவிட்டால் பதவி உயர்வு போய்விடுமோ என்று அஞ்சி வந்தால் அது ஜெபமாகாது.

போசாசா நிறுவனத்தை நினைவில் வையுங்கள். அங்கே காலை ஜெபக்கூட்டங்கள் தவறாமல் நடந்தன. அரசு ஒப்பந்தங்களுக்காக மாதந்தோறும் ரொக்கமாக லஞ்சம் கொடுக்கப்பட்டதாக அதே நிறுவனத்தின் முன்னாள் அதிகாரி 2019இல் அரசு ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். ஜெபம் இருந்தும் கணக்கு சுத்தமாக இல்லாததால் கிறிஸ்துவின் பெயருக்கு வந்த அவமானம் அது. கணக்கைச் சரி செய்த பிறகு ஜெபக்கூட்டத்தைத் தொடங்குங்கள்.

டர்பனில் நம் உறவினர் பாதிப் பேர் இந்துக்கள். சித்தப்பா காவடி எடுப்பார், அத்தை மகள் மாரியம்மன் கோவிலுக்குப் போவாள். ஈஸ்டர் வார இறுதியில் நாம் புனித வெள்ளி ஆராதனைக்குப் போகும்போது இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் இங்கே பொது விடுமுறை. தைப்பூசமும் தீபாவளியும் அல்ல. ஆகவே ஒரு கிறிஸ்தவ மேலாளர் தம் ஊழியர் கேட்பதற்கு முன்பே ஆண்டின் தொடக்கத்தில் "உங்களுக்கு எந்த நாட்கள் வேண்டும்?" என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டால், அதுவே நல்ல சாட்சி. டர்பனில் ஒரு பள்ளி மாணவியின் மூக்குத்தி பற்றிய வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். அவருடையது தமிழ் இந்துக் குடும்பம். 2007இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, மதத்துக்கும் பண்பாட்டுக்கும் நியாயமான இடம் தரவேண்டும் என்றது. ஞாயிறு ஓய்வு கேட்கும் நமக்கும் அதே நியாயம்தான் துணை.

உங்கள் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லுங்கள். கேட்கும்படியாக வாழுங்கள்.

கறுப்பின ஊழியர்களோடு எங்களுக்கு ஒருவித இடைவெளி இருக்கிறது. 2021க்குப் பிறகு இன்னும் அதிகம். எப்படிக் குறைப்பது?

2021 ஜூலைக் கலவரத்தின்போது பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கடைகள் எரிந்த அச்சம் ஒரு பக்கம், பிள்ளையைப் பறிகொடுத்த துயரம் மறுபக்கம். இதைப் பற்றி வேலையிடத்தில் யாரும் பேசுவதில்லை. பேசாததாலேயே சந்தேகம் வளர்கிறது.

போவாஸ் வயலுக்கு வந்ததும் அறுக்கிறவர்களைப் பார்த்து முதலில் வாழ்த்துகிறார்: "கர்த்தர் உங்களோடே இருப்பாராக." பிறகுதான் வேலையைப் பற்றி விசாரிக்கிறார். ஜூலு மரபிலும் நலம் விசாரிக்காமல் நேரே வேலையைச் சொல்வது மரியாதைக் குறைவு. காலையில் ஒவ்வொருவருக்கும் ஜூலுவில் வணக்கம் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து கேளுங்கள். பிறகு பொறுப்பான இடங்களைப் பாருங்கள்: கல்லாப்பெட்டி, சாவி, கையெழுத்து அதிகாரம் எல்லாம் நம் ஆட்களிடமே இருக்கிறதா? திறமையுள்ள கறுப்பின ஊழியருக்குப் பயிற்சி கொடுத்து அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சாவியைக் கையில் கொடுக்காத வரைக்கும் அவரை நம்புகிறோம் என்று சொல்வதில் பொருள் இல்லை.

ஆட்குறைப்புச் செய்தே ஆகவேண்டிய நிலை. அதைக் கிறிஸ்தவ முறையில் செய்ய முடியுமா?

தொண்ணூறுகளில் மலிவான இறக்குமதி துணிகள் வந்து குவிந்தபோது டர்பன் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை இழந்தவர்களில் நம் தாய்மார்கள் ஏராளம். சில இடங்களில் காலையில் வேலைக்கு வந்தவர்கள் பூட்டிய கதவைத்தான் கண்டார்கள். வேலை போனதைவிட அந்தப் பூட்டு அவர்களுக்கு அதிகம் வலித்தது.

சட்டம் முன்கூட்டியே கலந்துபேசச் சொல்கிறது. அதைச் சடங்காகச் செய்யாதீர்கள். கணக்குகளைக் காட்டுங்கள். வேலை நேரத்தைக் குறைத்துச் சில வேலைகளைக் காக்க முடியுமா என்று ஊழியர்களையே கேளுங்கள். நீங்கள் நினைக்காத வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் வெட்டு உங்கள் சம்பளத்தில் இருக்கட்டும். பணிக்கொடை குறைந்தது ஓராண்டுக்கு ஒரு வாரச் சம்பளம். முடிந்தால் கூடுதலாகக் கொடுங்கள். பணிச் சான்றிதழையும் வேலையின்மை நிதிக்கான யூஐ-19 படிவத்தையும் கடைசி நாளிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். அந்தப் படிவத்துக்காக மாதக்கணக்கில் அலையவிடுவது பாவம். சேதியை நீங்களே நேரில் சொல்லுங்கள்.

கடையில் திருடியவர் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறார். மன்னித்தால் திரும்பச் சேர்க்கவேண்டுமா?

மன்னிப்பது கட்டளை. கல்லாவில் மறுபடி உட்கார வைப்பது கட்டளை அல்ல. விசாரணையை முறையாக நடத்துங்கள். அவர் பேசட்டும், கூட ஒருவரை அழைத்துவரட்டும். சகேயு மனந்திரும்பியதும் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். திருப்பிக் கொடுக்க ஒரு வழியை அவருக்கும் உண்டாக்கிக்கொடுங்கள். காரணம் வட்டிக்கடைக் கடன் என்று தெரிந்தால் அதையும் பாருங்கள். வேலையில் வைத்தாலும் அனுப்பினாலும், அவர் பெயரைச் சபையில் பரப்பாதீர்கள்.

சபைச் சகோதரர்களையே வேலைக்கு எடுப்பது நல்லதுதானே?

தகுதி இருந்தால் எடுங்கள். ஒரே ஆலயம் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். மதத்தின் பெயரால் மற்றவரைத் தள்ளுவது 1998ஆம் ஆண்டின் வேலைச் சமத்துவச் சட்டத்துக்கும் எதிரானது. எடுத்த பிறகு "சகோதரர்தானே" என்று சம்பளத்தைத் தாமதிப்பதும் கூடாது, "சகோதரர்தானே" என்று அவர் தாமதமாக வருவதும் கூடாது.

என் மேலாளர் கொடுமைக்காரர். பொறுத்துக்கொள்வதுதான் கிறிஸ்தவ வழியா?

எல்லாவற்றையும் பொறுக்கவேண்டியதில்லை. பவுல் தம்மை வாரினால் அடிக்கப்போனபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேள்வி கேட்டார். 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்த நிலையில், தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்குப் போனார். நியாயம் கேட்டதால்தான் வேறு முதலாளியிடம் மாற முடிந்தது. நடந்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள், நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழியில் போங்கள், தொழிற்சங்கம் இருந்தால் சேருங்கள். அநியாயமாக நீக்கப்பட்டால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ எனப்படும் சமரச ஆணையத்திடம் போகவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அந்த மேலாளருக்காக ஜெபிப்பதையும் விடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம்.

இருபது ஆண்டு நடத்திய கடையை யாரிடம் ஒப்படைப்பது? மகனுக்கு ஆர்வம் இல்லை, ஆனால் மகன்.

சாமுவேல் வயதான காலத்தில் ஜனங்களின் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்று கேட்டார். ஒருவராலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்டவரே தம் மகன்களை நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பரிதானம் வாங்கினார்கள். மோசேயோ தம் பிள்ளைகளை விட்டு, கூடவே இருந்து பழகிய யோசுவாவின்மேல் கை வைத்தார்.

மகனோடு மனம் திறந்து பேசுங்கள். விருப்பமில்லாதவர்மேல் கடையைச் சுமத்தினால் அவரும் வாடுவார், கடையும் வாடும். அவருக்கு உரிய பங்கைப் பணமாகவோ வாடகை வருமானமாகவோ கொடுக்கலாம். கடையைத் திறந்து மூடிக்கொண்டு, மிளகாய்த்தூள் அரைக்கும் பதம் முதல் மொத்த வியாபாரியின் கடன் வரை தெரிந்துவைத்திருக்கும் ஊழியர் ஒருவர் இருப்பார். அவரை இப்போதே வங்கிக்கு உங்களோடு அழைத்துப்போங்கள். கையெழுத்துப் போடும் அதிகாரத்தில் அவர் பெயரைச் சேர்த்து, ஒரு சிறு பங்கை எழுத்தில் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவர் நடத்தட்டும். வாடிக்கையாளர்கள் விலையை அவரிடம் கேட்கத் தொடங்கியதும் நீங்கள் வீட்டிலிருக்கலாம்.